மழை வந்தால் முனகும் வண்டி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்தால் மற்ற வீட்டுப் பெண்கள் கொடித்துணியை எடுக்க ஓடுவார்கள். தந்தி மாஸ்டர் வல்லிபுரத்தின் வீட்டில் மட்டும் யாரும் அசைய மாட்டார்கள். துணி நனைந்தால் நனையட்டும் என்று ஆளுக்கொரு மூலையில் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மழை பிடித்துக் கொஞ்ச நேரத்தில், வீட்டின் பின்பக்கத் தகரச் சாய்ப்புக்குள் நிற்கும் மோட்டார் சைக்கிள் முனகத் தொடங்கும்.

கதை விடுவதாக நினைக்க வேண்டாம். வண்டியின் பக்கத்தில் ஆள் கிடையாது. எஞ்சின் ஓடுவதில்லை. ஹார்ன் பொத்தானில் யாருடைய கையும் இல்லை. ஆனாலும் அந்த ஹார்ன், காய்ச்சல்காரன் போர்வைக்குள் கிடந்து முனகுவதுபோல, மெலிதாக இழுத்துக்கொண்டே இருக்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறிச் சாய்ப்பு காய்ந்த பிறகுதான் தானாக அடங்கும்.

அது செத்துப்போனவனின் வண்டி. வல்லிபுரத்தின் தம்பி சிவசம்பு அதில்தான் போனான், அதோடுதான் விழுந்தான். செந்தூல் ரயில் பட்டறையில் அவனோடு வேலை பார்த்த கூட்டாளிகள், பொலிஸ் திருப்பிக் கொடுத்த வண்டியை எடுத்துப்போய், கோணிய முன்சக்கரத்தை நிமிர்த்தி, விழுந்தபோது கொட்டிப்போயிருந்த பேட்டரிக்குப் புது ஆசிட் ஊற்றிச் சார்ஜ் ஏற்றி, பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். செத்தவனுக்குத் தங்களால் ஆனது என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, வண்டியை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சாய்ப்பில் இடம் குறைவு. ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்துச் சுவரோடு சார்த்தினால்தான் வண்டி உள்ளே நிற்கும். சிவசம்பு எப்படி நிறுத்துவானோ அப்படியே நிறுத்திவிட்டுப் போனார்கள்.

முதல் முறை அது முனகியபோது வல்லிபுரத்தின் மனைவி தையல்முத்து கோப்பித் தட்டோடு நடையில் நின்றாள். சிவசம்புவின் மனைவி குணேஸ்வரி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தும் மூலையை விட்டு எழாதவள், விறுக்கென்று எழுந்து பின்பக்கம் போனாள். மழையில் அரைவாசி நனைந்துகொண்டு வண்டியின் பக்கத்தில் கிடந்த பலகைப் பெட்டியில் உட்கார்ந்தாள்.

"வந்திட்டன், வந்திட்டன்" என்றாள் வண்டியைப் பார்த்து.

தையல்முத்துவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து நொறுங்கியது.

அன்றிலிருந்து இதே நடைமுறை. மழை, முனகல், பலகைப் பெட்டி. அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் வேலியை உயர்த்திக் கட்டினார்கள். பால்காரன் பின்வாசலுக்கு வருவதை விட்டுவிட்டு முன்வாசலோடு பாலை ஊற்றிப் போனான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டும் குணேஸ்வரி கப்பல் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

"அவர் இஞ்சை கூப்பிட்டுக்கொண்டு கிடக்கேக்கை நான் என்னண்டு அத்தான் போறது?"

பேய் பிசாசில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று ஸ்டேஷனில் அடித்துப் பேசுகிற மனிதர்தான் வல்லிபுரம். ஆனால் அந்தச் சத்தம் எழும்போது அவருடைய முன்கை மயிர் குத்திட்டு நிற்கும். சின்ன வயதில் தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது இதே மாதிரித்தான் முனகினான் என்று ஒருநாள் நினைவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கும் அது ஹார்னாகக் கேட்கவில்லை.

"இஞ்சருங்கோ, உந்தச் சனியனை ஆருக்கெண்டாலும் குடுத்துத் துலையுங்கோ" என்று தையல்முத்து கெஞ்சினாள்.

"கேஸ் முடியட்டும்" என்பார் வல்லிபுரம்.

அந்தக் கேஸ்தான் அவருடைய இன்னொரு தலையிடி. கிள்ளான் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ரப்பர்க் காட்டுக்கு நடுவே ஒரு வளைவு உண்டு. சிவசம்பு சரிவில் இறங்கி வளைவுக்குள் திரும்ப, எதிரே ரோட்டின் நடுவில் நாகையா என்பவனின் விறகு வண்டி. மாட்டு வண்டியின் நுகத்தடி நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை உயிர் இருந்தது. "ஹோர்ன் அடிச்சனான் அண்ணை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். குணேஸ்வரியோடு ஏதோ மெல்லப் பேசினான். பிறகு போய்விட்டான்.

ஹார்ன் சத்தமே கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒதுங்கியிருப்பேன் என்றான் நாகையா. பொலிஸ் ஹார்னைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை, பேட்டரிதான் கொட்டிக் கிடந்ததே. வண்டியைத் தினமும் பார்த்த ஆள் யார் என்று கேட்டார்கள். வல்லிபுரம் முன்னால் போய் நின்றார். தம்பியின் ஹார்ன் அரை மைலுக்குக் கேட்கும், அவன் தெருமுனையில் அடித்தாலே வீட்டில் உலை வைப்பார்கள், மாட்டுவண்டிக்காரன் தூங்கிவழிந்துகொண்டு வந்திருக்கிறான் என்று சத்தியம் செய்தார். துக்கத்தில் சொன்னது, ஆனால் நம்பித்தான் சொன்னார். நாகையாவைப் புடு ஜெயிலில் அடைத்தார்கள். விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய சாட்சியம்தான் அதில் ஆணிவேர்.

ஒருநாள் காலையில் வேலிப் படலையடியில் ஒரு பெண் வந்து நின்றாள். கண்டாங்கிச் சேலை, காதில் ஈர்க்குச்சி, முழங்கால் வரை செம்மண் சேறு.

"ஐயா, நான் நாகையா பொஞ்சாதிங்க. மாரியாயி."

வல்லிபுரத்துக்கு முகம் இறுகியது. "இஞ்சை உமக்கு என்ன வேலை? கோட்டிலை போய்ச் சொல்லும்."

"சண்டைக்கு வரலீங்க ஐயா. எம் புருஷன் குடிக்காத ஆளு, தூங்கற ஆளும் இல்ல. மாட்டு மணிச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு, வேற சத்தமே வரலேன்னு அழுவுறாரு. அந்த வண்டி இங்கதான் நிக்குதுன்னாங்க. ஒரே ஒரு தடவ அமுக்கிக் காட்டுங்க. காது அடைக்கிற மாதிரி கேட்டுச்சுன்னா, நானே போயி எம் புருஷங்கிட்ட நீதான்யா கொலகாரன்னு சொல்லிட்டு எம் பொழப்பப் பாக்கறேன்."

விரட்டிவிட்டிருக்கலாம். வேறு யாராவது என்றால் விரட்டியும் இருப்பார்கள். ஆனால் அவள் கேட்டது நியாயமாக இருந்தது, அதுதான் வல்லிபுரத்தை எரிச்சல்படுத்தியது. நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய்ப் பொத்தானை அமுக்கினார்.

ஹார்ன் தொண்டை கட்டியவனைப்போல ஒரு சின்னக் கீச்சொலி கொடுத்து நின்றது. இன்னொரு முறை அமுக்கினார். அதுவும் இல்லை.

"கனநாள் நிண்ட வண்டி. பற்றறி இறங்கிப் போச்சு" என்றார், மாரியாயியின் முகத்தைப் பார்க்காமல்.

"அன்னிக்கும் எறங்கித்தான் இருந்துச்சோ என்னமோ, யாருங்க கண்டா?" என்றாள் அவள். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கடைசிப் பேச்சு அவரை விடவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் ஒரு தந்தியை இரண்டு முறை தப்பாக எடுத்து, கிள்ளான் ஸ்டேஷன்காரனிடம் பேச்சு வாங்கினார். சம்பு அடித்ததாகத்தான் சொன்னான். சத்தம் வந்தது என்று சொன்னானா? இல்லை. அதை அவரே சேர்த்துக்கொண்டார்.

பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், தந்தி அறையில் இருந்த பேட்டரிகளோடு சேர்த்துச் சார்ஜ் ஏற்றினார். திருப்பிக் கொண்டுவந்து பூட்டி, வண்டியைச் சாய்ப்புக்கு வெளியே உருட்டி, ஹார்னின் மூடியைத் திறந்தார். உள்ளே தொடுமுனைகளில் கறுப்புப் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். பின்பக்கத்துத் திருகாணியை ஒரு சிட்டிகை முறுக்கினார். பொத்தானை அமுக்கினார்.

ஹார்ன் கத்தியது. அடுத்த வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறின. வல்லிபுரத்துக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தான் செய்த சத்தியம் பொய்யில்லை. தம்பி அடித்திருக்கிறான், அந்த விறகுவண்டிக்காரன்தான் தூங்கியிருக்கிறான். வண்டியைப் பழையபடி ஹாண்டிலை ஒடித்துச் சாய்ப்புக்குள் விட்டுவிட்டு, பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. ஹார்ன் முனகியது. முன்னைவிடக் கனமாக, சார்ஜ் ஏறிய பலத்தோடு முனகியது. குணேஸ்வரி பலகைப் பெட்டிக்குப் போனாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"இண்டைக்குக் குரல் திருந்தியிருக்கு" என்றாள்.

மழை விட்டு அவள் உள்ளே போனதும் வல்லிபுரம் போய்ப் பொத்தானை அமுக்கினார். மறுபடியும் தொண்டை கட்டிய கீச்சொலி. முதல்நாள் ஏற்றிய சார்ஜ் ஒரே மழையில் வற்றிப்போயிருந்தது.

அப்போதுதான் அவருக்குள் இருந்த தந்தி மாஸ்டர் விழித்துக்கொண்டார். பேட்டரி தன்பாட்டில் வற்றாது. ஏதோ ஒன்று அதைக் குடிக்கிறது. தந்திக்குக் கம்பி ஒன்றுதான், மின்சாரம் திரும்பி வரும் வழி மண். மோட்டார் சைக்கிளில் அந்த மண்ணுக்குப் பதில் வண்டியின் இரும்பு. பேட்டரியிலிருந்து ஹார்னுக்கு ஒரு கம்பி, ஹார்னிலிருந்து ஹாண்டிலில் இருக்கும் பொத்தானுக்கு ஒரு கம்பி. பொத்தானை அமுக்கினால் அந்தக் கம்பி இரும்பைத் தொடும், ஹார்ன் கத்தும். பொத்தான் வரைக்கும் போகாமல் வழியில் வேறெங்கே அந்தக் கம்பி இரும்பைத் தொட்டாலும் ஹார்னுக்கு அது பொத்தானை அமுக்கியதாகத்தான் படும். அரைகுறையாகத் தொட்டால் அரைகுறையாகச் சத்தம் வரும். தொட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி வற்றும். வற்றிய பேட்டரியும் ஓய்வு கிடைத்தால் கொஞ்சம் தேறும், அடுத்த மழைக்கு முனக அது போதும்.

பேய் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கே தொடுகிறது, எப்போதிருந்து தொடுகிறது என்ற கேள்வி பேயைவிடப் பெரிதாக முன்னால் நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் இருவரும் கந்தசாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம் நல்ல வெயில். வல்லிபுரம் பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றிப் பூட்டியிருந்தார். ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குள் போனார். மழை செய்ததைத் தானே செய்து பார்க்க வேண்டியதுதான். பேட்டரிப் பெட்டிமேல் ஊற்றினார். சத்தமில்லை. ஹார்ன்மேல் ஊற்றினார். சத்தமில்லை. தகரத்தில் ஓட்டை இருக்கும் இடம் எது என்று அண்ணாந்து பார்த்தார். அது ஹாண்டில் திரும்பும் கழுத்துக்கு நேர் மேலே இருந்தது. கழுத்தில் ஊற்றினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. செம்பைக் கீழே வைக்கக் குனிந்தார். முதுகுக்குப் பின்னால் முனகல் எழுந்தது.

தானே ஊற்றிய தண்ணீர், தானே வரவழைத்த சத்தம், இருந்தும் "சம்பு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பினார். முனகல் நின்றது. இடப்பக்கம் ஒடித்தார். மறுபடி முனகியது. வலம், மௌனம். இடம், முனகல். விளக்குக்குப் பின்னால் இருட்டுக்குள் கையை விட்டுக் கம்பியைப் பிடித்தபடியே விரலால் தடவிக்கொண்டு போனார். கம்பிக்குப் பக்கத்தில் விரலில் வேறொன்று பட்டது. ஈரமான நூல்.

முகத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தார். மஞ்சள் தோய்த்த பருத்தி நூல், பல சுற்று. நூலுக்குள் விரல் நீளத்துக்குச் சுருட்டிய செப்புத் தகடு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கம்பிகளுக்கு நடுவில், இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. தகட்டின் ஒரு நுனி வண்டியின் இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. மற்ற நுனி ஹார்ன் கம்பியின் துணியுறையைக் கடித்துத் தின்று, உள்ளேயிருக்கும் செம்பு பளிச்சென்று தெரிந்தது. நனைந்தால் பருத்தி நூல் சுருங்கும். சுருங்கினால் தகடு கம்பியோடு நெருக்கும். காய்ந்தால் விலகும். அவ்வளவுதான் விஷயம். இவ்வளவு நாளும் ஒரு வீட்டையே ஆட்டிவைத்தது ஒரு முழம் நூல்.

எந்தத் தகடு, எதற்கு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபத்து அணுகாமல் இருக்க மந்திரம் எழுதிப் பூசையில் வைத்துக் கட்டுவது. யார் கட்டியது என்பதும் தெரிந்தது. அந்த வீட்டில் மாலை கட்டும் கை குணேஸ்வரியுடையது ஒன்றுதான், அந்த முடிச்சும் அவளுடையதுதான். எப்போது கட்டியது என்பதுதான் தெரிய வேண்டும். விபத்துக்குப் பிறகு பயத்தில் கட்டியிருந்தால் நாகையா பொய்யன். முன்னாலேயே கட்டியிருந்தால்?

கோயிலிலிருந்து வந்து குணேஸ்வரி விபூதித் தட்டை நீட்டியபோது, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பிள்ளை, சம்புவுக்கு எண்டு ஏதும் நூல் கீல் கட்டினனீரோ?"

அவள் கண்கள் நிறைந்தன. அத்தான் கோபிப்பாரோ என்று தையல்முத்துவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவருக்குக் கட்ட விடமாட்டார் அத்தான். உதெல்லாம் பட்டிக்காட்டு வேலை எண்டு சிரிப்பார். அதாலை கிள்ளானிலை ஒரு ஐயரிட்டைத் தகடு எழுதுவிச்சு, அவருக்குத் தெரியாமல் வண்டியிலை ஒளிச்சுக் கட்டினனான். கண்டால் கழட்டி எறிஞ்சுபோடுவார்."

"எப்ப?"

"அந்தக் கிழமைதான். கட்டி ரெண்டு மழைகூடக் காணேல்லை, இப்பிடி நடந்துபோச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனால் தகடு சும்மா இருக்கேல்லை அத்தான். அப்பிடி அடிபட்ட ஆள் அந்த இடத்திலையே போயிருக்க வேணும் எண்டு டொக்டர் சொன்னவர்தானே. பின்னேரம் மட்டும் உயிரை வச்சிருந்து, என்னோடை ரெண்டு வார்த்தை கதைக்க விட்டது அந்தத் தகடுதான். இப்பவும் அதுதான் அவரை இஞ்சை வச்சிருக்கு."

வல்லிபுரம் விபூதியைப் பூசிக்கொண்டார். பாதி சட்டையில் கொட்டியது.

விபத்துக்கு முதல்நாள் கொட்டிய மழை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விடிய விடிய ஹார்ன் முனகியிருக்கும். மழை இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. காலையில் வற்றிய பேட்டரியோடு தம்பி கிளம்பியிருக்கிறான். எஞ்சினுக்கு அந்தப் பேட்டரி தேவையில்லை, அது தன்பாட்டில் ஓடும். வீட்டிலிருந்து அந்த வளைவு அதிக தூரமில்லை, வற்றியது நிரம்ப அந்த ஓட்டம் போதாது. வளைவில் விறகு வண்டியைக் கண்டு பொத்தானை அமுக்கியிருக்கிறான். அவன் அமுக்கினான். அது கத்தவில்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், பொய் சொன்னது தான் ஒருவன் மட்டும் என்று வல்லிபுரத்துக்கு விளங்கியது.

தகட்டை அறுத்துக் கிள்ளான் ஆற்றில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இந்த நினைப்பு அவருக்கு வந்தது, ஒரு முறை அல்ல. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணை உயிரோடு கொன்றதாகும். புருஷனைக் காப்பாற்றக் கட்டிய நூலே அவனைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் மாரியாயியின் புருஷன் உள்ளேதான். சேற்றுக் காலோடு அவள் கும்பிட்டுவிட்டுப் போனது கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசியில் அவர் பாதி உண்மையைச் சொல்வதென்று தீர்மானித்தார். அது போதும் என்று நினைத்தார்.

விசாரணையன்று கூண்டில் ஏறி, தான் முன்பு சொன்னது தப்பு என்றார். ஹார்னின் கம்பி தேய்ந்துபோய் மின்சாரம் கசிந்து பேட்டரி வற்றியிருக்கிறது, தம்பி அமுக்கியும் சத்தம் வந்திருக்காது, நான் சோதித்துப் பார்க்காமல் சத்தியம் செய்துவிட்டேன் என்றார். கம்பி எப்படித் தேய்ந்தது என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"கவனிப்பில்லாமல்" என்றார் வல்லிபுரம். "நான் கவனித்திருக்க வேண்டும். கம்பி, பேட்டரி எல்லாம் என் தொழில்."

நாகையாவை விட்டார்கள். வெளியே மரத்தடியில் மாரியாயி அவனைப் பிடித்துக்கொண்டு அழுததை வல்லிபுரம் தூரத்திலிருந்து பார்த்தார். பக்கத்தில் போகத் துணிவில்லை.

குவார்ட்டர்ஸில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடவில்லை. கூடப்பிறந்த தம்பியின் சாவில் கூலிக்காரனுக்குச் சாட்சி சொன்னவர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. குணேஸ்வரி வந்து நடையில் வழிமறித்து நின்றபோதுதான் உறைத்தது.

"என்ரை மனுசனைச் சாக்கொண்டவனை நீங்களே அவிழ்த்து விட்டிட்டியள் என்ன அத்தான்?"

"அவன் கொல்லேல்லைப் பிள்ளை. கம்பி தேய்ஞ்சு போய்க் கிடந்தது."

"புது வண்டியிலை கம்பி என்னண்டு தேயும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு அவளைச் சுற்றி நடந்து போனார். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பொய் சொல்லத் தெரியாதவருக்கு அதற்கு மேல் போக்கிடம் கிடையாது.

அடுத்த நாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினார். தகட்டைக் கழற்ற மனம் வரவில்லை. அது அவளுடைய தெய்வம், இருக்கட்டும். கம்பியைத்தான் மாற்ற வேண்டும். துணியுறை போன பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி எடுத்து, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி அதன்மேல் சுற்றினார். முன்பு கழுத்தின் இடப்பக்கமாக, தகட்டை உரசிக்கொண்டு போன கம்பியை இப்போது வலப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய்ப் பொத்தானில் முடித்தார். ஹாண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். எங்கேயும் உரசவில்லை. முதல்நாள் இரவே ஸ்டேஷனில் சார்ஜ் ஏற்றிவைத்திருந்த பேட்டரியைப் பூட்டினார். செம்புத் தண்ணீர் முழுவதையும் கழுத்தில் ஊற்றினார். சத்தமே இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டபோது தம்பியை இரண்டாம் முறை அனுப்பிவைத்ததுபோல இருந்தது.

அன்று மத்தியானமே மழை வந்தது. வல்லிபுரம் கூடத்தில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தார். தையல்முத்து அடுக்களை வாசலில் நின்றாள். குணேஸ்வரி எழுந்து பலகைப் பெட்டிக்குப் போனாள். மழை பெய்துகொண்டே இருந்தது. தகரம் இரைந்தது. மற்ற எதுவும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் குரல் கேட்டது.

"அத்தான், இஞ்சை ஒருக்கால் வாருங்கோ."

போனார். அவள் பெட்டியிலிருந்து எழுந்து, விளக்குக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் இல்லை" என்றாள்.

"கம்பியைத் திருத்திப்போட்டன் பிள்ளை. இனி வராது."

"ஓ." அவள் விரல் கறுத்த டியூப் சுற்றிய புதுக் கம்பியைத் தொட்டுக்கொண்டு போனது. "இது முந்தி இந்தப் பக்கத்தாலை எல்லோ போனது? தகடு கட்டேக்கை நான் இதோடை சேர்த்து எல்லோ நூலைச் சுத்தினனான்."

வல்லிபுரம் மழையைப் பார்த்தார்.

"ஏன் அந்தப் பக்கம் மாத்தினனீங்கள்?"

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இடம் போதவில்லை, கம்பி நீளமாகிவிட்டது, அப்படித்தான் வசதி, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கோர்ட்டில் அத்தனை பேருக்கு முன்னால் பேசிய நாக்கு அப்போது ஒட்டிக்கொண்டது.

அவள் தகட்டைப் பார்த்தாள். அதன் நுனியில், கம்பி உரசிய இடம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. சுற்றிலும் கறுப்புத் தீப்புள்ளிகள். நனைந்த நூலை விரலால் நெருடிப் பார்த்தாள், அது விறைத்து இறுகியிருந்தது. நூலையும் தகட்டையும் மாறிய கம்பியையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி வல்லிபுரத்தைப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

குணேஸ்வரி முடிச்சை அவிழ்க்க முயன்றாள். ஈரத்தில் இறுகிய முடிச்சு அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். தகட்டை மடியில் முடிந்துகொண்டாள். ஹாண்டிலை நேராகத் திருப்பி, சிவசம்பு கை வைக்கிற இடத்தில் தன் கையை வைத்து, பொத்தானை அமுக்கினாள்.

ஹார்ன் கத்தியது. தகரச் சாய்ப்பே அதிர்ந்தது. தையல்முத்து காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். அடுத்த வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வேலிக்கு அப்பால் தெருவில், மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவன் ஓட்டிப்போன மாட்டு வண்டி, சத்தம் கேட்டதும் மளமளவென்று ஓரம் கட்டி ஒதுங்கி நின்றது.

குணேஸ்வரி அந்த வண்டியைப் பார்த்தாள். பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.